பெருமாள் கேட்ட முடி

எண்பதுகளில் ராஜபாளையம் பக்கம் பள்ளிக்கூடம் போனவர்களுக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் வந்த அந்தக் கன்றுகள் மறந்திருக்காது. ஒருநாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் லாரி வந்து நின்றது. ஆளுக்கு இரண்டு கன்று கொடுத்தார்கள். சுவர் ஓரமாக நட்டு, தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றாதவர்கள் வெயிலில் நிற்க வேண்டும். வேம்பு, புங்கை என்று பல கன்றுகள் வந்தன. பாதி ஆட்டுக்குப் போனது, பாதி வெயிலுக்குப் போனது. நிலைத்து நின்றது சூபாபுல் என்கிற சவுண்டல் மட்டும்தான். அது நட்ட இடத்திலும் வந்தது, நடாத இடத்திலும் வந்தது. நான் ஐந்தாம் வகுப்புக்குப் போனபோது எங்கள் பள்ளிச் சுவருக்கும் எங்கள் வீட்டுப் பின்பக்கத்துக்கும் நடுவில் அது ஒரு தோப்பாகவே நின்றது.

இலை இறகு மாதிரி இருக்கும். நடு ஈர்க்கின் இரண்டு பக்கமும் சின்ன ஈர்க்குகள், அவற்றில் வரிசையாகப் பொடி இலைகள். புளி, வாகை, நெல்லி, அகத்தி என்று நம் ஊரில் அந்த ஜாடையில் எத்தனையோ உண்டு. பரீட்சை சமயத்தில் நாங்கள் ஒரு ஈர்க்கைப் பறித்து "பாஸ், பெயில்" என்று பொடி இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளுவோம். பெயில் வரும்போல் தெரிந்தால் மீதியை ஒரே இழுப்பில் உருவி எறிந்துவிடுவோம்.

நான் பெரிய பயந்தாங்கொள்ளி. இப்போதும் அப்படித்தான், வயதானதால் வெளியே தெரிவதில்லை. சவுண்டல் இலைகள் சாயங்காலமானால் ஒன்றோடொன்று ஒட்டி மூடிக்கொள்ளும். பகலெல்லாம் விரிந்து நின்ற மரம் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒல்லியாகிவிடும். ஆடிக் காற்றில் காய்ந்த நெற்றுகள் எல்லாம் சேர்ந்து கலகலவென்று ஆடும்போது, யாரோ பல் நடுங்க நிற்பதுபோல எனக்கு இருக்கும். அந்தப் பக்கத்து ஜன்னலை நான் ஐந்தரை மணிக்கே சாத்திவிடுவேன். அம்மா திறப்பாள், நான் திரும்பச் சாத்துவேன்.

அந்த வருடம் ஆடியில் அப்பா வேலை பார்த்த மில்லைப் பூட்டிவிட்டார்கள். என்ன தகராறு என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், பகல் நேரத்தில் அப்பா வீட்டில் இருந்தார் என்பதுதான். அதுவே பயமாக இருந்தது. அவர் சட்டை போட்டுக்கொண்டு மில் கேட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருவார். ரேஷன் அரிசியும் ரசமுமாக நாட்கள் போயின. கொல்லையில் நின்ற ஒற்றை அகத்தியை மொட்டையடித்து முடித்த பிறகு, அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அது மாட்டுத் தழைடி" என்றார் அப்பா.

"ஆடு திங்குது. கன்னுக்குட்டி திங்குது. ஒண்ணுஞ் செய்யலையே. நமக்கு மட்டும் ஆகாமப் போயிருமாக்கும்?"

"அது மரமில்லையா?"

"அகத்தி என்ன செடியா? முருங்கை என்ன கொடியா?"

அடுத்த வீட்டு டீச்சரிடமும் அம்மா ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் எங்களைக் கன்று நட வைத்தவர் அந்த டீச்சர்தான். "ரொம்பச் சத்துன்னுதான் கன்னு குடுத்த ஆபீசர் சொன்னாரு. மாட்டுக்குப் போட்டா பால் கூடுமாம்" என்றார் டீச்சர். அம்மா "சத்து" வரைக்கும் காதில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

கொழுந்தாகப் பறித்து, வேகவைத்துப் பிழிந்து, வெங்காயமும் மிளகாய் வத்தலும் தாளித்து வதக்குவாள். பச்சைக் காயைப் பிளந்தால் பிஞ்சு விதைகள் இருக்கும், அவை புளிக்குழம்புக்குப் போகும். லேசான கசப்பு, பச்சைப் பூண்டின் வாடை, மென்றால் சிறிய நறநறப்பு. பசிக்கு நன்றாகவே இருந்தது. அப்பா மட்டும் கீரையை ஒதுக்கிவிட்டு ரசத்தோடு எழுந்துவிடுவார். மற்ற மூன்று பேரும் வஞ்சனை இல்லாமல் சாப்பிட்டோம்.

மூன்றாவது ஆள் சித்தி. அம்மாவின் தங்கை. தாய் தகப்பன் இல்லாததால் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் கட்டுத்துணி மடிக்கிற இடத்தில் வேலை பார்த்தாள். அவள் முடியைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. இடுப்பைத் தாண்டி இறங்கும். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்தால் திங்கட்கிழமை வரைக்கும் காயும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா, எங்கள் வீட்டில் பாத்திரம் பண்டம் எதையும் பார்க்கவில்லை. சித்தியின் சடையை எடுத்துக் கையில் வைத்து, "எங்க வீட்டுக்கு இது ஒண்ணே போதும்" என்றார். மாப்பிள்ளை பால்கோவாக் கடையில் கிண்டுகிற வேலை பார்த்தார். ஆவணியில் வந்து பூ வைத்துவிட்டுப் போவது, ஐப்பசியில் கல்யாணம் என்று பேச்சு. சித்தி தன் சம்பளத்தில் சடை நுனியில் கட்டச் சிவப்புப் பட்டுக் குஞ்சலம் ஒன்று வாங்கி, பெட்டியில் வைத்துவிட்டு, தினமும் ஒரு தடவை எடுத்துப் பார்ப்பாள்.

ஆடி முடிவதற்குள் அவள் முடி கொட்ட ஆரம்பித்தது.

முதலில் சீப்பில் வந்தது. பிறகு தலையணையில், துண்டில், குளிக்கிற இடத்துத் தண்ணீர் போகும் ஓட்டையில். எனக்கும் கொட்டியது. வகுப்பில் உட்கார்ந்து நெற்றியோரத்தில் சும்மா இழுத்துப் பார்த்தேன், ஒரு கொத்து கையோடு வந்தது. வலி என்று ஒன்று இல்லவே இல்லை. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. வலித்திருந்தால் அம்மாவிடம் ஓடியிருப்பேன். வலிக்காமல் உடம்பிலிருந்து ஒன்று கழன்று வந்தால் யாரிடம் போய் என்ன சொல்வது? அதைச் சுருட்டி ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்து மூடினேன்.

இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. அம்மாவுக்கும் கொட்டியிருக்கிறது. அவள் அதை விறகுக்கட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். சித்தி கட்டுத்துணித் துண்டில் பொதிந்து வேலைக்குக் கொண்டுபோய் எங்கோ போட்டாள். ஒரே வீட்டில் மூன்று பெண்கள், ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி முடியை மறைத்துக்கொண்டு நடமாடினோம். அப்பாவுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவருக்குக் கொட்டுவதற்கு அதிகம் இருக்கவுமில்லை என்பதால் யாரும் அதை யோசிக்கவில்லை.

ஆவணியில் பூ வைக்கிற நாள் வந்தது. அதற்குள் சித்தியின் சடை என் விரல் தடிமனுக்கு வந்திருந்தது, உச்சியில் தோல் தெரிந்தது. அம்மா கதவைச் சாத்திக்கொண்டு, எங்கோ கடன் கேட்டு வாங்கி வந்த சவுரிமுடியை வைத்துப் பின்னி, ரிப்பனைச் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, சொல்லிருவோமா?"

"வாயை மூடு. கல்யாணம் முடிஞ்சா எல்லாம் தன்னால வளரும்."

மாப்பிள்ளையின் அம்மா நான்கைந்து பெண்களோடு தட்டு தூக்கி வந்தார். சித்தியை நடுவில் உட்கார வைத்தார்கள். சந்தனம் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள். பிச்சிப்பூவைப் பந்தாகச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள், அத்தனை கனம். மாப்பிள்ளையின் அம்மா அதைச் சடையில் வைத்து, கொண்டை ஊசியைக் குத்தி, பூ நிற்கவில்லை என்று ஊசியை உருவினார். ஊசியோடு ஒரு கொத்து முடி வந்தது. இன்னொரு இடத்தில் குத்தினார். அங்கேயும் வந்தது. சவுரி சாய்ந்து தோளில் விழுந்தது.

அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. கையிலிருந்த முடியைப் பார்த்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் தாம்பாளத்தில் வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்தார். அந்தத் தட்டை நான் பல வருடம் கனவில் பார்த்திருக்கிறேன்.

"ஏம்மா, பிள்ளைக்கு ஏதும் சீக்கா?"

அப்போதுதான் அப்பாவின் அக்கா, என் அத்தை, முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். எந்தச் சபையிலும் சமாளித்துவிடுகிற பெண் அவள்.

"சீக்கெல்லாம் ஒண்ணுமில்ல மதினி. இது நேர்த்திக்கடன். திருவண்ணாமலைப் பெருமாளுக்கு முடி பாக்கி கிடக்கு. சின்னதுல நேர்ந்தது, செலுத்தாம விட்டுட்டோம். நாம கொடுக்காட்டி அவரே எடுத்துக்கிடுவாருல்ல?"

ஸ்ரீவில்லிபுத்தூருக்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அண்ணாமலையார் ஊர் இல்லை, அவர்கள் ஊரை ஒட்டி அதே பேரில் இருக்கிற பெருமாள் மலை; அவர்கள் சனிக்கிழமை தவறாமல் ஏறுகிற படி. அந்த அம்மாள் மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அப்ப முதல்ல அவருக்குச் சேர வேண்டியதைச் சேத்துருங்க. பொறவு பேசிக்கிடுவோம்."

அத்தை கல்யாணத்தைக் காப்பாற்ற வாய்க்கு வந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் வீட்டில் எல்லோரும் அதை நம்பிவிட்டார்கள், அத்தை உட்பட. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து யோசித்து யோசித்து, கடைசியில் ஞாபகப்படுத்தியே விட்டாள்.

"ஆமா மதினி. இவளுக்கு அம்மை போட்டிருந்தப்ப எங்கம்மா மஞ்சத்துணியில ஏதோ முடிஞ்சு வச்சா."

"அம்மைக்கு மாரியாத்தாளுக்குல்ல நேருவாக. பெருமாளுக்கு எதுக்கு?" என்றார் அப்பா. அவரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் அத்தையிடம் போய், எனக்கும் கொட்டுகிறது என்று முதல்முறையாகச் சொன்னேன். ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து காட்டினேன். அத்தையின் முகம் மாறிவிட்டது.

"பாத்தியா? வீட்டையே சுத்துதாரு. இனி முடியோட நிக்க மாட்டாரு."

முடிக்கு அப்புறம் எதை எடுப்பார் என்று அவள் சொல்லவில்லை. நான் படுத்துக்கொண்டு என் உடம்பில் எதெல்லாம் கழன்று வரும் என்று பார்த்தேன். நகம் வரும். பல் வரும், ஏற்கெனவே வந்திருக்கிறது. விரல் வருமா என்று இழுத்துப் பார்த்தேன். அன்று முதல் நான் ஜன்னலை மட்டுமல்ல, கண்ணாடியையும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். அம்மா அந்த வாரமும் சுவருக்கு மேல் எட்டிக் கீரை பறித்தாள். மில் இன்னும் திறக்கவில்லையே.

புரட்டாசிச் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக மலைக்கு நடந்தோம். வழியெல்லாம் துளசி வாசனை, சர்க்கரைப் பொங்கல் வாசனை, கோவிந்தா என்கிற சத்தம். கல்யாணப் பெண்ணை மொட்டையடிக்கக் கூட்டிப்போகிறோம் என்று யாருக்கும் தெரியாது. சித்தி சேலையைத் தலைக்கு மேல் போட்டிருந்தாள். முடியெடுக்கிற இடத்தில் தரையெல்லாம் ஈரமும் முடியுமாகக் காலில் ஒட்டியது. சித்தி முன்னால் வந்து தானாகப் பலகையில் உட்கார்ந்தாள். நாவிதர் தண்ணீர் தெளித்துத் தடவிப் பார்த்துவிட்டு, "பாதி வேலையை அவரே முடிச்சிட்டாரேம்மா" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். சித்தி அழவில்லை. அம்மாதான் அழுதாள்.

சித்தி எழுந்ததும் அந்த ஈரப் பலகையில் நான் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"எனக்கும் எடுத்துருங்க."

சித்திமேல் எனக்கிருந்த பாசத்தில் அப்படிச் செய்தேன் என்று எங்கள் வீட்டில் பல வருடம் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். பாசமும் இல்லை, ஒன்றும் இல்லை. சுத்தமான பயம். முடியை முழுதாகக் கொடுத்துவிட்டால் விரலை விட்டுவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

சந்தனம் பூசிய தலையோடு இரண்டு பேரும் சந்நிதியில் நின்றோம். வெளியே வரும்போது சித்தி முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தச் சிவப்புக் குஞ்சலத்தை எடுத்தாள். அதைக் கொண்டுவந்தது எங்களுக்குத் தெரியாது. உண்டியலின் வாய் சிறியதாக இருந்தது. பட்டு நூலை விரலால் தள்ளித் தள்ளி உள்ளே போட்டுவிட்டுத்தான் நகர்ந்தாள்.

சொல்லி வைத்ததுபோல அடுத்த வாரமே மில்லைத் திறந்தார்கள். அப்பா சங்குச் சத்தத்துக்கு எழுந்து போனார். வீட்டுக்குக் கத்தரிக்காய் வந்தது, கருவாடு வந்தது. சவுண்டலை எல்லோரும் மறந்துபோனோம். தலையில் முள் முள்ளாக முடி வந்தது, வந்த முடி கொட்டவே இல்லை. பெருமாள் கணக்கை முடித்துவிட்டார் என்று அத்தை தேங்காய் உடைத்தாள். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு ஆள் வந்தார். மொட்டைத் தலையோடு மணவறையில் உட்கார வைக்க முடியாது, தையில் பார்க்கலாம் என்று சொன்னார்கள் என்றார். தையில் அந்த மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. செய்தி வந்தபோது சித்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து, திரும்ப மடித்தாள்.

அதன்பிறகும் இரண்டு மூன்று இடம் வந்தது. சித்தி ஒத்துக்கொள்ளவில்லை. முடி தோளைத் தொட்டதும் மலைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். அம்மா சண்டை போட்டுப் பார்த்தாள்.

"கடன்தான் தீந்துபோச்சேட்டி. இன்னும் எதுக்கு?"

"தீந்துச்சுன்னு அவரு உங்கிட்ட சொன்னாராக்கா? நான் இன்னொரு வீட்டுக்குப் போயி, அங்க ஒரு பிள்ளை பெத்து, அதுகிட்ட வந்து கேட்டாருன்னா?"

அம்மா அதோடு சண்டையை விட்டுவிட்டாள். முதலில் அவளைப் பயமுறுத்தியவர்களே நாங்கள்தானே.

தொண்ணூறுகள் முடிவதற்குள் எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணமாகி, ஒரு பையனும் பிறந்திருந்தான். என் வீட்டுக்காரர் பையனுக்காக இரண்டு வெள்ளை முயல் வாங்கி வந்தார். கண்மாய்க் கரையில் சவுண்டல் நிறைய நின்றது, தினமும் ஒடித்து வந்து போட்டார். ஒரு மாதத்தில் முயல்களுக்கு முதுகில் முடி கொட்டி, ரோஸ் நிறத்தில் தோல் தெரிந்தது. பையன் அழுதான். கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டாக்டர் இளவயதுக்காரர். ஒரு முயலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சவுண்டல் போடுறீங்களா?" என்றார்.

"ஆமா சார்."

"நிறுத்திருங்க. அதுல முடியைக் கொட்ட வைக்கிற ஒரு பொருள் இருக்கு. நிறுத்தினா தன்னால வளந்துரும்."

"ஆடெல்லாம் திங்குதே சார்."

"ஆட்டு வயித்துல அதை முறிக்கிற கிருமி இருக்கும்மா. முயலுக்குக் கிடையாது."

"மனுசங்க தின்னா?"

அவர் சிரித்தார். "மாட்டுத் தழையை எந்த மனுசங்கம்மா திங்கப் போறாங்க?"

வீட்டுக்கு வந்து கூடையை இறக்கி வைத்தேன். சொல்வதா, வேண்டாமா? சொன்னால் சித்தி எப்படித் தாங்குவாள்? ஒரு வாழ்க்கை போனதற்குச் சாமி காரணம் என்றால் தாங்கிக்கொள்ளலாம். வெங்காயமும் வத்தலும் தாளித்த ஒரு பொரியல் காரணம் என்றால்? சொல்லாவிட்டாலோ, அவள் ஆயுசு முழுக்க அந்த மலைக்கு நடந்துகொண்டிருப்பாள். கடைசியில் பயந்துகொண்டேதான் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

சித்தி முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்போதெல்லாம் வேலையை வீட்டுக்கே வாங்கி வந்து செய்தாள். அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, முயலில் ஆரம்பித்து, மெதுவான குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். சித்தியின் கை நிற்கவில்லை. ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு, ஓரத்தைத் தேய்த்துவிடுவது. நான் சொல்லி முடித்த பிறகும் அவள் மடித்துக்கொண்டே இருந்தாள். எனக்குப் பயம் முற்றிப்போய், "சித்தி" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். நாற்பதை நெருங்கிய முகம், ஆண்பிள்ளைக் கிராப் மாதிரிக் குட்டை முடி.

"அப்ப பெருமாளுக்கு எம்மேல கோவம் இல்லையா?"

"இல்ல சித்தி."

"எப்பவுமே இருந்ததில்லையா?"

"இல்ல."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய இமைக்குள்ளிருந்து தண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை. நான் அவள் கையைப் பிடித்தேன். சற்று நேரம் கழித்து அவள் கண்ணைத் திறந்து, முதல் வேலையாக அடுப்படிப் பக்கம் பார்த்தாள்.

"ஏட்டி, உங்கம்மாகிட்ட இதைப் பத்தி மூச்சு விட்டுறாத."

"ஏன் சித்தி?"

"கல்யாணப் பொண்ணு முகம் தெளியணும், சத்து வேணும்னு சொல்லி, தெனமும் அவ பங்குக் கீரையில பாதியையும் சேத்து எனக்குத்தான் வச்சா."

உள்ளேயிருந்து அம்மா, "அங்க என்ன ரகசியம்? சோறு ஆறுது, வாங்க" என்றாள்.

சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்லக்கா, வாரோம்" என்று குரல் கொடுத்தாள்.